சேர்ந்து அழுவதற்கு ஓர் இசை

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வராத காலத்தில், பெரிய தலைவர் ஒருவர் மறைந்துவிட்டார் என்பதை நம் ஊர்கள் பல நேரம் வானொலியின் இசையை வைத்தே புரிந்துகொண்டன. சினிமாப் பாட்டு நிற்கும், விளம்பரம் நிற்கும். ஷெனாயோ சாரங்கியோ வீணையோ வயலினோ தனியாக, மிக மெதுவாக ஒலிக்கத் தொடங்கும். டீக்கடையில் பேச்சுச் சத்தம் தானாகக் குறையும். 1984 அக்டோபரில் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோதும், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும், துக்க நாள்கள் முடியும்வரை அந்த இசைதான் ஓடியது. ‘சோக இசை போடுறாங்க’ என்பதைத் தாண்டி அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வாசித்தவர் யார், ராகம் எது என்று கேட்கவும் இல்லை. ஆனால் சொல்லே இல்லாத, அவசரமே இல்லாத ஓர் இசையைக் கேட்டபடி லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் துக்கம் காத்தார்கள். இன்று தலைவர்கள் மறைந்தால் செய்திச் சேனல்கள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன, பக்கத்திலேயே விவாதமும் நடக்கிறது. வானொலி தந்த அந்தப் பொது அமைதி நம்மிடமிருந்து போய்விட்டது. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

அந்த இடத்தை நிரப்ப ஒரு வழி இருக்கிறது. பல வயலின்கள் சேர்ந்து மெதுவாக வாசிக்கும் துக்க இசையை நம் ஊர்களில், நம் பிள்ளைகளே நேரில் வாசிக்கவும் நாம் உட்கார்ந்து கேட்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் இதைத் தொடங்குவதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. இதைச் சொன்னதும் ‘அது வெள்ளைக்காரன் சங்கதி’ என்ற பதில் முதலில் வரும். அந்தப் பதில் ஏன் நிற்காது என்பதையும், அதைவிட வலுவான வேறு சில மறுப்புகளுக்கு என்ன சொல்ல முடியும் என்பதையும் பார்ப்போம்.

இந்த வகை இசையில் உலகம் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நார்வே நாட்டின் எட்வர்ட் க்ரீக் 1880இல், தன் நாட்டுக் கவிஞர் ஓஸ்முண்ட் வின்யேயின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார். வின்யே ஓர் ஏழைக் குத்தகை விவசாயியின் மகன். நகரத்துப் படித்தவர்களின் மொழியை விட்டு, கிராமத்துப் பேச்சிலிருந்து உருவான மொழியில் எழுதியவர். பத்து ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவர், பனி உருகி மண்ணில் பசுமை திரும்புவதை இன்னொரு முறை பார்க்கிறார், இதுவே கடைசி முறையாக இருக்கலாம் என்று நினைக்கிறார். இதுதான் அந்தக் கவிதைகளில் ஒன்றின் பொருள். அந்தப் பாட்டை க்ரீக் பிறகு சொற்களை நீக்கிவிட்டுத் தந்தி வாத்தியங்களுக்கு மட்டுமாக மாற்றி எழுதினார். பாட்டாக இருந்தபோது ‘வசந்தம்’ என்றிருந்த தலைப்பு, சொல் போன பிறகு ‘கடைசி வசந்தம்’ என்று ஆனது. ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகாது. வயலின்கள் இரு பிரிவு, வயோலா, செல்லோ, டபுள் பாஸ், இவ்வளவுதான். தாளக் கருவி இல்லை, ஊதுகருவி இல்லை. அதே 1880இல் ரஷ்யாவில் சாய்கோவ்ஸ்கி தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய ‘செரனேட்’ படைப்பின் மூன்றாம் பகுதிக்கும் இரங்கல் என்று பொருள்படும் தலைப்புதான். இரண்டு நாடுகளில், ஒரே ஆண்டில், துக்கத்தைச் சொல்ல இருவருமே தந்திகளை மட்டும் நம்பினார்கள்.

இந்த இரண்டுமே மேஜர் ஸ்கேலில் அமைந்தவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால் அடிப்படைச் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்கள். கல்யாண வீட்டிலும் ஒலிக்கக்கூடியவை. முகாரி என்றால் அழுகை, சுபபந்துவராளி என்றால் சோகம் என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். துக்கம் அங்கே சுர வரிசையிலிருந்து வருவதில்லை, நிதானத்திலிருந்து வருகிறது. மேலே மெட்டு நிமிர்ந்து போகும்போது, நடுவில் ஒலிக்கும் குரல்கள் அரை அரைச் சுரமாக நகர்ந்து அதன் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இரண்டாம் முறை மெட்டு வரும்போது க்ரீக் வயலின்களைப் பல பிரிவாகப் பிரித்து, மேல் ஸ்தாயியில், கேட்டும் கேட்காத மெல்லிய ஒலியில் எடுத்துக்கொடுக்கிறார். பிறகு அது நிறைந்து பெருகி, மீண்டும் அடங்குகிறது. வயலின் வில்லின் நீளம் முக்கால் மீட்டர் அளவுதான். மெதுவான ஒரு சுரத்தை அந்த நீளத்துக்குள் நடுங்காமல் இழுப்பது, வேகமான பிருகா வாசிப்பதைவிடக் கடினம் என்று வயலின் வாசிப்பவர்கள் சொல்வார்கள். நீண்ட சுரங்களில் ஒருவர் வில்லைத் திருப்பும் கணத்தில் பக்கத்திலிருப்பவர் திருப்பாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. அப்படிச் செய்தால் ஒலி எங்கேயும் அறுவதில்லை. தனியாக அழுபவருக்கு மூச்சு முட்டும், குரல் உடையும். இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் தாங்கிக்கொள்கிறார்.

இப்போது நம் சாவு வீட்டைப் பார்ப்போம். பறை அடித்து, சங்கு ஊதி, சேகண்டி தட்டி ஊருக்குச் செய்தி சொல்கிறோம். பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஒப்பாரியின் வலிமை அதன் சொற்களில் இருக்கிறது: போனவர் பெயர், அவர் வைத்த தென்னை, பிறந்த வீட்டுச் சீர், கொடுக்காமல் விட்ட பங்கு, ஆஸ்பத்திரியில் நடந்தது எல்லாம் அதில் வந்துவிடும். உலகத்தின் எந்த இரங்கல் இசைக்கும் அது குறைந்ததில்லை. ஆனால் அது நெருங்கிய உறவுப் பெண்களின் உரிமை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அழ ஒரு வடிவமும் நம் மரபு கொடுக்கவில்லை. அவர்கள் மஞ்சள் விலையையும் முட்டை விலையையும் லாரி வாடகையையும் பேசிக்கொண்டு, ‘எப்ப எடுக்கறாங்க’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் இல்லாததால் அப்படிப் பேசவில்லை. வேறு எதுவும் செய்யத் தெரியாததால் பேசுகிறார்கள். ஒப்பாரி தெரிந்த பெண்களும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தத்துக்கும் ரேடியோ செட்டில் ஓடும் பழைய தத்துவப் பாடல்களுக்கும் நடுவில் ஒப்பாரி கேட்பதும் இல்லை. அந்தப் பாடல்கள் நல்லவைதான். ஆனால் யாரோ ஒரு கதாபாத்திரத்துக்காக, ஏதோ ஒரு காட்சிக்காக எழுதியவை. சொல் இல்லாத இசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மகனை இழந்தவரும் மாட்டை இழந்தவரும் நிலத்தை இழந்தவரும் ஒரே மெட்டுக்குள் அவரவர் துக்கத்தோடு உட்காரலாம்.

துக்கம் என்றால் சாவு மட்டுமே என்று நம் இலக்கணம் சொன்னதில்லை. மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக அழுகையை வைத்த தொல்காப்பியம், அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது: பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. விசைத்தறியை எடைக்குப் போட்டவரும், கிணறு வற்றிப்போய் மரவள்ளிக்காடு காய்ந்தவரும் இந்த நான்குக்குள் வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு ஒப்பாரியும் கிடையாது, பதினாறாம் நாளும் கிடையாது.

‘அந்நியம்’ என்ற மறுப்புக்கு வருவோம். தந்தி இசைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டில், காட்டில் வேட்டுவன்போல நின்ற அந்தத் தலைவன் முன்னால் பாணர் கூட்டம் முழவைக் கட்டி, யாழில் பண் நிறுத்திப் பாடத் தயாராகிறது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களில் அது ஒன்று. நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது அரிசில் கிழாரின் பாட்டு. போரில் புண்பட்டு வந்தவன் கிடக்கும் வீட்டில், வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, புகை போட்டு, யாழ் இசைத்து, காஞ்சிப் பண் பாடிப் பெண்கள் அவனைக் காக்கிறார்கள். வேதனையில் கிடப்பவர் அருகில் நரம்புக் கருவி ஒலிக்க வேண்டும் என்று நம்பிய சமூகம் நம்முடையது. இடையில் அந்த யாழும் போனது, அந்த வழக்கமும் போனது. வயலின் வந்த கதை பலருக்குத் தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்தபோது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அதாவது, க்ரீக் பிறப்பதற்கு முன்பே வயலின் தென்னிந்திய மேடையில் ஏறிவிட்டது. இருநூறு ஆண்டாக நம் கைகளில் இருக்கும் கருவியை அந்நியம் என்பதில் பொருளில்லை.

சேர்ந்திசைக்கும் இதே பதில்தான், அதற்கான சாட்சியும் சேலத்திலேயே இருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937இல் ‘சதி அகல்யா’ தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. 1940இன் ‘உத்தமபுத்திரன்’, 1950இன் ‘மந்திரி குமாரி’ போன்றவற்றுக்கு இசை ஜி.ராமநாதன். அந்தக் காலம் தொட்டே தமிழ்ப் படத்தில் துயரக் காட்சி வந்தால் வயலின்கள் கூட்டமாக எழும்பின. வயலின் வித்வானான டி.கே.ராமமூர்த்தியும் எம்.எஸ்.விஸ்வநாதனும் இணைந்து இசையமைத்த படங்களில் அது செழித்தது. இளையராஜாவிடம் அது இன்னொரு உயரத்துக்குப் போனது. 1986இல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில் தியாகராஜரையும் ஐரோப்பிய இசைமேதை பாக்கையும் தந்திகளால் பேசவைத்தார். தனி வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். ஆத்தூர், ராசிபுரம் டென்ட் கொட்டகைகளில் மணல் குவித்து உட்கார்ந்து அழுதவர்கள் வயலின், வயோலா, செல்லோ சேர்ந்து எழுப்பிய ஒலிக்குத்தான் அழுதார்கள். அதற்கு யாரும் அவர்களுக்கு மேற்கத்திய இசை இலக்கணம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. க்ரீக்கின் மெட்டு ஒலித்தால் நம் ஆட்கள் திகைத்து விழிப்பார்கள் என்று சொல்பவர்கள், எழுபது எண்பது ஆண்டு சினிமா நம் காதுக்குக் கொடுத்த பயிற்சியை மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பயிற்சி இப்போது நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் கவலை. கீபோர்டும், பின்னர் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த வயலின் ஒலிகளும் வந்த பிறகு, ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது நாற்பது வயலின்காரர்கள் உட்கார்ந்த வரிசைகள் மெலிந்துபோயின. பெரிய தந்தி இசை தேவைப்படும் தமிழ் இசையமைப்பாளர் கடல் கடந்து போகிறார். 2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் இசைக்குழுவோடு பதிவானது. 2025 மார்ச் 8 அன்று அவருடைய சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்தது. அந்த நாளில் தமிழ்நாடே பெருமைப்பட்டது, பட வேண்டியதும்தான். இந்தியாவின் முழுநேரத் தொழில்முறை சிம்பொனிக் குழு மும்பையில் தோன்றியதே 2006இல்தான். சிம்பொனி எழுதும் தமிழரைக் கொண்டாடும் மாநிலத்தில், சென்னையைத் தாண்டினால் மாவட்டத் தலைநகர்களில் இருபது வயலின்களைச் சேர்த்து நேரில் கேட்பது அரிது. நேரில் கேட்பதைப் போனில் கேட்பது ஈடுசெய்யாது. இருபது வில்கள் ஒரே திசையில் மெல்ல நகர்வதைக் கண்ணால் பார்ப்பதும், அரங்கில் பக்கத்தில் இருப்பவரும் அசையாமல் இருப்பதை உணர்வதும் அந்த இசையில் பாதி.

சேலத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்றுத்தருகிறார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கையில் வயலின் வருவதற்கு இந்தப் பள்ளிகள் பெரிய வாசல். ஆனால் அங்கே வயலின் கற்பவருக்கு இரண்டு வழிகள்தான் தெரிகின்றன: பாட்டுக்குப் பக்கவாத்தியம், இல்லையென்றால் தனிக் கச்சேரி. இரண்டிலும் உச்சிக்குப் போகிறவர் வெகு சிலர்; மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம், இப்போது படிப்பவர்களும் முடித்துவிட்டுப் போனவர்களும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று நான்கு குரல்களாகப் பிரிந்து மெதுவான இசையை வாசிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். துறை ஓர் உத்தரவு போட்டால் தொடங்கிவிடலாம். நடுத்தரத் தேர்ச்சி உள்ள மாணவரும் இதில் முழுப் பங்காளி ஆகலாம், ஏனென்றால் இதற்கு விரல் வேகம் வேண்டாம். சுத்தமான சுருதியும் பொறுமையும் வேண்டும். செல்லோவும் டபுள் பாஸும் பள்ளியில் கிடையாது என்பது உண்மை. முதல் ஆண்டில் கீழ்க்குரலைத் தடித்த தந்திகள் கட்டிய வயலின்களுக்குக் கொடுக்கலாம். சினிமாவில் செல்லோ வாசித்து அனுபவப்பட்டவர்களைச் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை அழைக்கலாம்.

இந்த இடத்தில் வரும் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் வயலின் ஆசிரியர்கள். நம் இசையில் சுரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. அசைந்தும் வழுக்கியும்தான் ராகமாகிறது. ஹார்மனியில் சுரம் அசையாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த குரலோடு மோதும். மூன்றாண்டு கமகம் பழகிய விரலை நிற்கச் சொன்னால் இரண்டும் கெட்டுவிடாதா? சுருதி சேர்ப்பதும் வேறு. நாம் பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோம், அவர்கள் நிலையான நான்கு சுரங்களுக்குச் சேர்க்கிறார்கள். இந்தச் சிக்கலை ஊதித் தள்ள முடியாது. தோடியின் காந்தாரத்தை எடுத்து அதன் கீழே கார்டு என்னும் சுரக்கூட்டு வைத்தால் ராகம் செத்துப்போகும். ஆனால் நான் கேட்பது அதை இல்லை. அசைவு குறைவாக வைத்தாலும் முகம் மாறாத ராகங்கள் நம்மிடம் உள்ளன. துயரக் காட்சிகளுக்குச் சினிமா சிவரஞ்சனியை அதிகம் நாடியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நரசிம்மன் உருவாக்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட், கர்நாடகக் கீர்த்தனைகளின் முதன்மைக் குரலில் கமகத்தை விட்டுவைத்து, மற்ற மூன்று குரல்களை நிதானமாக நடத்திக் காட்டியது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் வயலின்காரர்களில் பலர் காலையில் கர்நாடகப் பயிற்சியும் பகலில் ஸ்டாஃப் நொட்டேஷனுமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் விரல் கெட்டுப்போகவில்லை. க்ரீக்கை முழுதாக நம் சுரக் குறிப்பில் எழுதி, எல்லா வயலினும் ஒரே கட்டையில் சேர்த்து, தரையில் உட்கார்ந்தபடியே வாசிக்கலாம். நார்வேக்காரர் எழுதிய அதே ஒலி வராது. அதனால் குற்றமில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நாதசுரக்காரருக்குக் கோயிலில் மெஷின் மேளம் போட்டியாக வந்துவிட்டது. பறைக் கலைஞருக்கு நிலையான வருமானம் இல்லை. இந்த நேரத்தில் வயலின் கூட்டத்துக்கு அக்கறையா என்று கேட்பார்கள். பறைக்கும் நாதசுரத்துக்கும் அரசும் ஊரும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் ஒரு ரூபாயைக்கூட இதற்காகக் குறைக்கச் சொல்லவில்லை. இருக்கும் ஆசிரியர், இருக்கும் கருவி, இருக்கும் கட்டடத்தில் இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். பறையின் வேலையை வயலின் செய்யாது, செய்யவும் கூடாது. பறை ஊரைக் கூட்டும், பயணத்தை நடத்தும், இன்று மேடையில் விடுதலையின் குரலாகவும் நிற்கிறது. அதோடு, வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சாவுக்கு இசைப்பதை ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக நம் ஊர்கள் நெடுங்காலம் சுமத்தி வைத்திருந்தன. மறுத்தவர்கள் அடியும் ஊர் விலக்கமும் பட்டார்கள். துக்க இசையைத் தொடுவதே இழிவு என்ற எண்ணம் அதனால் மற்றவர்களுக்குள் இறுகிப்போனது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, யார் கட்டாயமும் இல்லாமல், தாங்களே விரும்பி இரங்கல் இசையை வாசிப்பது அந்த எண்ணத்தைத் தளர்த்தும். பறை கற்ற பிள்ளை அந்தக் கூட்டத்தில் வயலின் எடுப்பதும், வயலின் கற்ற பிள்ளை பறை எடுப்பதும் நடந்தால் இன்னும் நல்லது.

சோறு போடுமா என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்லலாம். பலருக்கு வேலையாகாது. ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வாசிக்கக் கற்றுத்தருவது வீண் ஆடம்பரம் என்ற கருத்தை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய முயற்சி லட்சக்கணக்கான பிள்ளைகளை ஆர்கெஸ்ட்ராக்களில் உட்காரவைத்தது. நம் நாட்டிலேயே காலிம்போங்கில், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1993இல் ஏசு சபைத் துறவி ஒருவர் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் பிள்ளைகள் பாடத்தோடு வயலினும் கற்கிறார்கள். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் அமைப்பு வசதியற்ற பிள்ளைகளைக் கொண்டு சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறது. மலையிலும் சென்னையிலும் முடிந்தது சேலத்தில் முடியாமல் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மக்கள் வருவார்களா, துயரத்தைத் தேடி யார் வருவார் என்று கேட்பவர்கள் கொரோனா உச்சத்திலிருந்த 2021 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆலையின் ஆக்சிஜனைக் கொண்டு 500 படுக்கைகள் போட வேண்டியிருந்த மாதம் அது. இறந்தவர்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். சில வீடுகளுக்குக் கொடுக்கவும் இல்லை. குளிப்பாட்டவில்லை, ஒப்பாரி இல்லை, பறை இல்லை, தோள் கொடுக்க நான்கு பேர் இல்லை. பதினாறாம் நாள் காரியமும் கதவை மூடிக்கொண்டு நடந்தது. அன்று அழாமல் விட்ட அழுகையை ஊராகச் சேர்ந்து அழுவதற்கு அதன் பிறகும் ஒரு நாளை நாம் ஒதுக்கவில்லை. கடைகள் திறந்தன, பேருந்து ஓடியது, எல்லாரும் வேலைக்குப் போனோம். அப்படிப் போனவர்கள் வாழும் ஊரில் இரங்கல் இசைக்குக் கேட்பவர் இருக்க மாட்டார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

எனவே தொடக்கம் அந்த மே மாதத்திலேயே இருக்கட்டும். சேலம் நேரு கலையரங்கத்தில் ஒரு மாலை, நுழைவுக் கட்டணம் இல்லாமல். க்ரீக்கின் ‘கடைசி வசந்த’த்தைப் பிள்ளைகள் கையாளும் அளவுக்குச் சுருக்கி அமைத்தது ஒன்று. இந்தச் சமவெளியின் ஒப்பாரி மெட்டுகளில் ஒன்றை, அதைப் பாடத் தெரிந்த பெண்களிடமே உட்கார்ந்து கேட்டு எழுதி, வயலின்களுக்குப் பிரித்துக் கொடுத்தது இன்னொன்று. மெட்டுக் கொடுத்தவர்களுக்கு அழைப்பிதழில் பெயரும் கையில் மதிப்பூதியமும் உறுதியாகச் செய்ய வேண்டும். நிகழ்ச்சி முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. முன்வரிசை சோபாவை எடுத்துவிட்டு, இழந்த குடும்பங்களை அங்கே உட்காரவைக்கலாம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை எதுவும் வேண்டாம். இரண்டு இசைக்கும் நடுவில் கைதட்ட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். மைக்கையும் அணைத்துவிடலாம், இருபது வயலின்கள் சேர்ந்தால் அந்த அரங்கத்துக்குப் போதும்.